சாண்டோரினியில் ஒரு பகல்: தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு தகுமா?

கேள்வி: செப்டம்பரில் குடும்பத்தோடு கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பல் பயணம் போகிறோம். ஐந்து பேர். அப்பா, அம்மா இருவரும் எழுபதை ஒட்டிய வயது, சுத்த சைவம். சாண்டோரினியில் எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பகல். கப்பல்காரர்கள் நடத்தும் பஸ் சுற்றுலாவில் சேரலாமா, தனியாக வழிகாட்டி அமர்த்திக்கொள்ளலாமா? கேட்கும் தொகையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது.

பதில்: தகும். ஆனால் யாரை அமர்த்துகிறீர்கள், அவரை எந்த இடத்தில் பயன்படுத்திக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் பல வருடமாக ஏதென்ஸில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை சாண்டோரினிக்கு அழைத்துப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அரசு பஸ்ஸில் சுற்றியிருக்கிறேன், வாடகைக் காரில் சுற்றியிருக்கிறேன், வழிகாட்டியோடும் சுற்றியிருக்கிறேன். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரே பகலில் என்றால் தனி வழிகாட்டியைத்தான் சொல்வேன். கட்டணம் பெரும்பாலும் வண்டிக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும், தலைக்கு இவ்வளவு என்று இருக்காது. ஐந்து பேர் பகிர்ந்துகொண்டால், கப்பலில் ஐந்து டிக்கெட் வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 'தனி வழிகாட்டிச் சுற்றுலா' என்று விற்கப்படுவதில் நிறைய, வெறும் டிரைவரோடு ஒரு வண்டி மட்டும்தான். கிரேக்கத்தில் வழிகாட்டி என்பது உரிமம் பெற்றுச் செய்யவேண்டிய தொழில். 1977ஆம் ஆண்டின் 710ஆம் எண் சட்டம் முதலே அப்படித்தான். அதற்கென்று படித்துத் தேறி, சுற்றுலா அமைச்சகத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பவர்தான் தொல்லியல் தளத்துக்குள்ளும் அருங்காட்சியகத்துக்குள்ளும் உங்களை அழைத்துப்போய் விளக்கம் சொல்லலாம். டிரைவர் எவ்வளவு விஷயம் தெரிந்தவராக இருந்தாலும் வாசலோடு நின்றுவிடுவார்.

இது தெரியாமல் நானே ஒருமுறை ஏமாந்தேன். சித்தியும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். 'வழிகாட்டியுடன் ஆறு மணி நேரம்' என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டினேன். வந்தவர் தங்கமான மனிதர், வழியெல்லாம் கலகலப்பாகப் பேசினார். எரிமலைச் சாம்பலில் புதைந்து, பிறகு தோண்டி எடுக்கப்பட்ட பழங்கால ஊரான அக்ரோதிரியின் வாசலுக்கு வந்ததும் நிழல் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, "நான் உள்ளே வரக்கூடாது, நாற்பது நிமிடத்தில் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்" என்றார். உள்ளே கூரைக்குக் கீழே தூசி நிறத்தில் சுவர்கள், அங்கங்கே விளக்கப் பலகைகள். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன், ஆனால் எனக்கே அப்போது அரைகுறைதான் தெரியும். சித்தி கால் மணி நேரத்தில், "என்னப்பா, எல்லாம் இடிஞ்ச வீடா இருக்கு" என்று வெளியே நடந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வருடம் அம்மா வந்தபோது, உரிமம் உள்ள வழிகாட்டி ஒருவரை அக்ரோதிரிக்கென்றே ஏற்பாடு செய்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. உள்ளே போனதும் தேதி, வம்சம் என்று ஒன்றும் தொடங்கவில்லை. 'மேற்கு வீடு' என்று சொல்லப்படும் வீட்டுக்கு முன்னால் அம்மாவை நிறுத்தி, சுவருக்குள் ஓடும் மண் குழாயைக் காட்டினார். மேல்மாடிக் கழிப்பறையிலிருந்து இறங்கும் குழாய். அது கீழே ஒரு குழிக்குள் போய், அங்கிருந்து தெருவின் கல்பாவலுக்கு அடியில் ஓடும் சாக்கடையில் சேர்கிறது. நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா, "மாடியிலேயே கக்கூஸா? எந்தக் காலத்துல?" என்றார். கி.மு. 1600ஐ ஒட்டி அந்த ஊர் மூடப்பட்டுவிட்டது, அதற்கும் முந்தைய வீடு இது என்றதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வரிசையாக நின்ற ஆளுயரத் தாழிகளைப் பார்த்து, "நம்ம வீட்டுக் குதிர்" என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். சித்தி கால் மணி நேரத்தில் வெளியேறிய அதே இடத்தில் அம்மாவோடு ஒன்றே முக்கால் மணி நேரம் போனது.

அந்த ஊரின் கதையில் என்னை மிகவும் உலுக்குவது, எரிமலை வெடிப்பதற்கு முன்பு நடந்ததுதான். முதலில் பெரிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. சனங்கள் வெளியேறியிருக்கிறார்கள். பிறகு சிலர் திரும்பி வந்து இடிபாடுகளை அள்ளித் தெருவோரம் குவித்து, வீடுகளைச் சீர்செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் குவியல் இன்றும் அங்கேயே கிடக்கிறது. வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டினால்தான் அது குவித்து வைத்த கல் என்று தெரியும், இல்லாவிட்டால் இடிந்து விழுந்த கல் என்று தாண்டிப் போய்விடுவோம். மரக் கட்டில்கள் மக்கிப்போய், சாம்பலுக்குள் அவற்றின் வடிவம் மட்டும் வெற்றிடமாக நின்றிருக்கிறது. அதில் சாந்து ஊற்றி வார்த்தெடுத்துக் கட்டிலின் உருவத்தை மீட்டிருக்கிறார்கள். வேலை பாதியில் இருக்கும்போதே எரிமலை மீண்டும் எச்சரித்திருக்க வேண்டும். எல்லோரும் போய்விட்டார்கள். இத்தாலியின் பொம்பேயைப் போல இங்கே சாம்பலில் புதைந்து இறந்தவர்களின் உடல்கள் கிடைக்கவில்லை. படகேறி எங்கே போனார்கள், தப்பினார்களா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்த ஊரை 1967இல் தோண்டத் தொடங்கியவர் ஸ்பிரிதோன் மரினாதோஸ். தேரா தீவின் எரிமலைதான் கிரீட் தீவில் செழித்திருந்த பழைய மினோவ நாகரிகத்தை வீழ்த்தியது என்று 1939லேயே எழுதியவர் அவர். 1974இல் இதே அகழாய்வுத் தளத்தில் விபத்தில் இறந்தார். (தேரா, இன்றைய உச்சரிப்பில் தீரா, என்பதுதான் தீவின் முறையான பெயர். சாண்டோரினி என்பது புனித ஐரீனின் பெயரால் இத்தாலியர்கள் வைத்து நிலைத்துவிட்டது.) பழைய பாதுகாப்புக் கூரைக்குப் பதிலாகப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்த கூரையின் ஒரு பகுதி 2005இல் சரிந்து பார்வையாளர் ஒருவர் இறந்தார். தளம் மூடப்பட்டு 2012இல்தான் திரும்பத் திறந்தது. இப்போதைய கூரையால் உங்களுக்கு ஒரு நன்மை: உள்ளே வெயிலே கிடையாது, சக்கர நாற்காலி போகும் அளவுக்குச் சரிவுப் பாதை இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு இந்தத் தீவிலேயே வசதியான இடம் இதுதான். மேசா வூனோ மலைமேல் இருக்கும் பழைய தேரா நகரமும் அருமையானதுதான், ஆனால் ஏற்றமும் காற்றும் அதிகம். இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

கூடவே ஒன்று. 'கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் தீவு இதுதான்' என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் எச்சரிக்கையாகக் கேளுங்கள். கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ அந்தக் கதையை எழுதியது எரிமலை வெடித்து ஆயிரம் வருடத்துக்கும் மேலான பிறகு. இரண்டையும் முடிச்சுப் போடுவது ஊகம். நல்ல வழிகாட்டி எது தோண்டிக் கிடைத்தது, எது யூகம் என்று பிரித்துச் சொல்வார். நான் ஆளை எடைபோடுவது இதை வைத்துத்தான்.

இனி கரை ஏறும் பாடு. பெரிய கப்பல்கள், கடல்நீர் நிரம்பிய எரிமலைப் பள்ளத்து நடுவே நின்றுவிடும், அங்கிருந்து சிறு படகில்தான் கரைக்கு வரவேண்டும். அந்தப் பள்ளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளம், 7 கிலோமீட்டர் அகலம், மூன்று பக்கமும் சுவர்போல் செங்குத்தான பாறை. தனியாக வருபவர்களைப் படகு, தீவின் தலைநகரான ஃபிராவுக்குக் கீழே உள்ள பழைய துறைமுகத்தில் இறக்கும். அங்கிருந்து மேலே போக மூன்று வழி: கேபிள் கார், ஏறத்தாழ 590 படிகள், கோவேறு கழுதை. கழுதைச் சவாரி வேண்டாம். வெயிலில் அந்த விலங்குகள் படும் பாட்டைப் பார்த்தால் உங்களுக்கே மனசு வராது, பெரியவர்களுக்கும் அது ஆபத்து. கேபிள் கார் மேலே போய்ச்சேர மூன்று நிமிடம்தான். ஆனால் நான்கைந்து கப்பல் ஒரே காலையில் வந்து நின்றால் வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவேண்டி வரும். 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு கொண்டுவந்திருக்கிறார்கள். அதுவும் இந்தச் சின்னத் தீவுக்கு அதிகம்தான். அதே வருடம் ஜூலை முதல், ஜூன்–செப்டம்பர் மாதங்களில் இறங்கும் கப்பல் பயணிகளுக்கு ஆளுக்கு 20 யூரோ வரி. இது உங்கள் கப்பல் கணக்கிலேயே சேர்ந்துவிடும்.

கப்பல்காரர்களின் பஸ் சுற்றுலாவுக்கு உள்ள உண்மையான அனுகூலம் இங்கேதான். அவர்களைப் பெரும்பாலும் முதல் படகுகளில் ஏற்றி, தெற்கே அத்தினியோஸ் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து பஸ்ஸிலேயே மேலே கொண்டுபோவார்கள். காலையில் கேபிள் கார் வரிசை அவர்களுக்கு இல்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நீண்ட நேரம் நிற்கவே முடியாது என்றால் யோசிக்காமல் அதிலேயே சேர்ந்துவிடுங்கள், அக்ரோதிரி இருக்கும் சுற்றாகப் பார்த்து. நிற்கமுடியும் என்றால், படகுக்கான டோக்கனைக் கப்பலில் எவ்வளவு சீக்கிரம் வாங்கமுடியுமோ அவ்வளவு சீக்கிரம் வாங்கி, வழிகாட்டியைக் கேபிள் காரின் மேல் நிலையத்து வாசலில் பெயர்ப் பலகையோடு நிற்கச் சொல்லுங்கள். படகு தாமதமானால் காத்திருப்பு நேரத்துக்குப் பணம் கேட்பாரா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏறியதும் எல்லோரும் தீவின் வடக்கு முனையில் உள்ள ஈயா என்ற ஊருக்கு ஓடுவார்கள். (ஆங்கிலத்தில் 'ஓ'வில் தொடங்கும் அந்தப் பெயரை இங்கே 'ஈயா' என்றுதான் சொல்வார்கள்.) நீங்கள் நேர் எதிர்த்திசையில் தெற்கே அக்ரோதிரிக்குப் போய்விடுங்கள். ஃபிராவிலிருந்து 12 கிலோமீட்டர்தான். கூட்டம் வருமுன் பார்த்துவிட்டு, திரும்பும்போது மற்ற இடங்களை வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டி நாள் முழுக்க வேண்டாம் என்று நினைத்தால், நாள் முழுக்க டிரைவரோடு வண்டி, அக்ரோதிரிக்கு மட்டும் உரிமம் உள்ள வழிகாட்டி என்று பேசலாம். இந்த ஏற்பாட்டைச் செய்துதருபவர்கள் இருக்கிறார்கள். செலவைக் குறைக்க இதுவே நல்ல வழி. நீங்களே கார் எடுத்து ஓட்டலாமே என்று தோன்றும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், வலப்பக்கம் ஓட்டவேண்டும், கோடையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஒரு பகலுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

போகிற வழியில் சாலைக்காக வெட்டிய கரை ஒன்றில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். வெளிர் நிறத்தில், பொரி பொரியாக, கையில் எடுத்தால் எடையே இல்லாத கல் அடுக்கடுக்காக இருக்கும். நுரைக்கல். அக்ரோதிரியை மூடியது இதுதான். இந்தத் தீவின் எரிமலை மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும். அதனால் 1860களில் சூயஸ் கால்வாய் வேலைக்காக இங்கிருந்து கப்பல் கப்பலாக வெட்டிக்கொண்டு போனார்கள். அப்படி வெட்டும்போதுதான் எதிரே உள்ள தெரசியா தீவில் அடுக்குகளுக்கு அடியில் சுவர்கள் தென்பட்டன. இதே மண்ணில் குகைபோல் குடைந்து, வளைவுக் கூரை போட்டுக் கட்டியவைதான் படங்களில் நீங்கள் பார்க்கும் வெள்ளை வீடுகள். மரம் இல்லாத தீவு, விட்டம் போடக் கட்டை கிடையாது. அதனால்தான் எல்லாக் கூரையும் வளைவு.

அதே சாலையில் திராட்சைத் தோட்டங்கள் வரும். முதலில் பார்ப்பவர் அதைத் தோட்டம் என்றே நம்பமாட்டார். பந்தலும் கம்பும் இல்லை. கொடியைத் தரையோடு தரையாக வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கூடைபோல் முடைந்து வைத்திருக்கிறார்கள். 'குலூரா' என்று பெயர். அம்மா குனிந்து அந்தக் கொடிமுடிச்சை விரலால் தடவிப் பார்த்து, "பிரம்புக்கூடை முடையற கைதான் இது" என்றார். கோடையில் வீசும் 'மெல்தெமி' காற்று மணலை வாரி அடிக்கும், காய் அந்தக் கூடைக்குள் பதுங்கிக்கொள்ளும். மழை குறைவு, இரவுப் பனியின் ஈரத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழித்த வேர்ப்பூச்சி இந்த எரிமலை மணலில் பிழைக்காததால், கொடிகள் இன்னும் சொந்த வேரிலேயே நிற்கின்றன. அசிர்திகோ என்பது இங்கத்திய வகை. பல சுற்றுலாக்களில் ஒயின் ருசி பார்க்கும் இடத்தில் ஒன்றரை மணி நேரம் கட்டாயமாக இருக்கும். நீங்கள் குடிக்காதவர்கள் என்றால் அதை எடுத்துவிட்டு, தோட்டத்தில் பத்து நிமிடம் மட்டும் கேளுங்கள். மிச்ச நேரத்தை பிர்கோஸ் கிராமத்துக்குக் கொடுங்கள். மேட்டின்மேல் பழைய கோட்டைக் குடியிருப்பு, தீவின் இரு பக்கக் கடலும் தெரியும், ஈயாவின் நெரிசலும் இல்லை. அப்பா அம்மா ஏறமுடியாவிட்டால் கீழே சதுக்கத்திலேயே உட்காரலாம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சைவத்துக்கு இது நல்ல தீவு. 'ஃபாவா' கேளுங்கள். மஞ்சள் பருப்பை மசிய வேகவைத்துக் கடைந்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, வெங்காயம் தூவித் தருவார்கள். பருப்புக் கடைசல்தான், தாளிப்பு மட்டும் இல்லை. அந்தப் பருப்பு நம் கேசரிப் பருப்புக்குப் பங்காளிச் செடியில் விளைவது, அக்ரோதிரித் தாழிகளிலும் கிடைத்திருக்கிறது. தீவின் சின்னத் தக்காளியில் சுடும் 'தொமாதோகெஃப்தேதெஸ்' நம் பக்கோடாவுக்கு நெருக்கம். முட்டை கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'நிஸ்திசிமோ' என்று கேட்டால் கிரேக்கர்களின் விரதச் சமையல் என்று புரிந்துகொள்வார்கள்: இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் அவர்கள் விரதத்தில் கணவாயும் இறாலும் சேரும், அதனால் 'கடல் உணவும் வேண்டாம்' என்று கூடவே சொல்லவேண்டும். இதையெல்லாம் வழிகாட்டி கிரேக்க மொழியில் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதியத்துக்குப் பிறகு ஈயா. இங்கே வழிகாட்டியால் பெரிய பயன் இல்லை. பளிங்கு பாவிய தெருவில் நீங்களே நடக்கலாம், தெருவிலிருந்து இறங்கும் படிகளைத் தவிர்த்தால் பெரியவர்களும் நடக்கலாம். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு பாருங்கள். 1956 ஜூலை 9 விடியற்காலையில் வந்த நிலநடுக்கத்தில் இந்த ஊர் நொறுங்கிப்போனது. தீவில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நிறையக் குடும்பங்கள் ஏதென்ஸுக்குப் போய்விட்டன. கைவிடப்பட்ட குகைவீடுகளை 1970களில் அரசுச் சுற்றுலா அமைப்பு எடுத்துச் சீரமைத்து விருந்தினர் விடுதிகளாக்கியது. இன்று எல்லோரும் படம் எடுக்கும் ஈயா அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2025 பிப்ரவரியிலும் வாரக்கணக்கில் நிலம் நடுங்கி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தீவைவிட்டுக் கிளம்பிப் போனார்கள். உங்கள் வழிகாட்டி உள்ளூர்க்காரர் என்றால் அந்த நாட்களைப் பற்றிக் கேளுங்கள். அக்ரோதிரியில் பார்த்த கல்குவியல் அப்போது வேறு மாதிரித் தெரியும். சூரியாஸ்தமனத்துக்காக ஈயாவில் காத்திருக்க வேண்டாம். அங்கிருந்து வெளியேறும் சாலையும் கேபிள் கார் வரிசையும் சேர்ந்து உங்கள் கடைசிப் படகைத் தவறவிட வைத்துவிடும்.

பதிவு செய்யும் முன் அவர்களுக்கு எழுதும் கடிதத்தில் நேராகக் கேளுங்கள்: வருபவர் உரிமம் பெற்ற வழிகாட்டியா, அக்ரோதிரிக்கு உள்ளே எங்களோடு வருவாரா, நுழைவுச்சீட்டு தொகையில் சேர்த்தியா, நாங்கள் வரும் கிழமையில் தளமும் அருங்காட்சியகமும் திறந்திருக்கின்றனவா, காற்று பலமாக வீசிக் கப்பல் நங்கூரமிட முடியாமல் போனால் பணம் திரும்புமா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், கப்பல் தீவைத் தொடாமலே போகும் நாட்கள் உண்டு. முதல் இரண்டுக்கும் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அது டிரைவர் மட்டும்தான்.

கடைசிப் படகுக்கு இரண்டரை மணி நேரம் முன்பே ஃபிராவுக்குத் திரும்பிவிடுங்கள். கேபிள் கார் நிலையத்து வரிசையை ஒரு கண் பார்த்துவிட்டு, அது பயப்படும்படி இல்லை என்றால், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள வரலாற்றுக்கு முந்தைய தேரா அருங்காட்சியகத்துக்குள் போங்கள். சின்னது, அரை மணி நேரம் போதும். அக்ரோதிரியில் 1999இல் மரப்பெட்டிக்குள் கிடைத்த, உள்ளங்கையளவு தங்க வரையாட்டைக் காட்டிவிட்டு, பெரியவர்களை நீலக் குரங்குகள் ஓவியத்தின் முன்னால் உட்காரவையுங்கள். பாறைமேல் தாவி ஏறும் குரங்குகள், வால் மேலே வளைந்து நிற்கிறது. கிரேக்கத்தில் குரங்கே கிடையாது. வாலையும் முகத்தையும் உடல்வாகையும் ஆராய்ந்த குரங்கியல் அறிஞர்கள் சிலர், இது நம் நாட்டுச் சாம்பல் மந்தி என்று 2020இல் எழுதினார்கள். சிந்துவெளியோடு இருந்த வணிகத் தொடர்பின் வழியே அந்த விலங்கு ஏஜியன் கடல்வரை அறிமுகமாகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அம்மாவிடம் இதை நான் சொல்லவே இல்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம அழகர்மலைல தேங்காயைப் பிடுங்கிட்டு ஓடுறது மாதிரியில்ல இருக்கு" என்றார்.